மும்பையிலிருந்து லோணார் வரை: கரும்பாறை வழியே ஒரு மழைப் பயணம்

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய். அந்தேரி, மும்பை

அந்தேரி ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் நின்று கில்பர்ட் ஹில் என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரிகிறது. மீட்டர் போட்டுத்தான் வண்டியை எடுத்தார். இறங்கும்போது 34 ரூபாய் காட்டியது. 50 ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். 16 ரூபாயைச் சில்லறையாக எண்ணி என் கையில் வைத்த பிறகே வண்டியைத் திருப்பினார். ஏறும் முன்பே பேரம் பேசிப் பழகிய எனக்கு, மழையில் நனைந்துகொண்டு சில்லறை தேடிய அந்த மனிதரை மறக்க முடியாது.

சந்துக்குள் சந்து. இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள், மழைக்குப் பிளாஸ்டிக் கட்டிய ஜன்னல்கள், காயாத துணிகள். அவற்றுக்குப் பின்னால் திடீரென்று கறுப்பாக ஒரு மலை நேர்க்குத்தாக நிற்கிறது. உயரம் 61 மீட்டர். பாறை முழுவதும் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகப் பிளந்திருக்கிறது. ஒவ்வொரு பட்டையும் பல முகம் கொண்ட ஒரு தூண்.

என்னை இங்கே இழுத்து வந்தவன் என் அண்ணன் மகன். கல்லூரியில் ஜியாலஜி படிக்கிறான். கழுத்தில் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். கீழே கிடந்த ஒரு சில்லை எடுத்து, "அத்தை, இதுல ஒரு மணியாச்சும் கண்ணுக்குத் தெரியுதான்னு பாருங்க" என்றான். தெரியவில்லை. கறுப்பு, ஒரே சீரான கறுப்பு.

உடன்குடிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. பதநீரைக் காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றினால் விரைவில் இறுகிக் கருப்பட்டியாகிவிடும்; உடைத்தால் உள்ளே மணி தெரியாது. அதே பதநீர்ப் பாகைப் பானையில் ஊற்றி, அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டுவைத்தால் பளபளவென்று பனங்கற்கண்டு விளையும். பாறைக்குழம்பும் இப்படித்தான். நிலத்துக்கு அடியில் வெகு ஆழத்தில் தங்கி ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல ஆறினால் படிகங்கள் பெரிதாக வளர நேரம் கிடைக்கிறது. நம் ஊர்க் கிரானைட் அப்படி வந்தது. குழம்பு வெளியே பொங்கி வழிந்து, காற்றும் தண்ணீரும் பட்டு ஆறினால் அந்த நேரம் கிடைப்பதில்லை. அது மணி தெரியாத வெளிப்புறத் தீப்பாறையாகிறது. மகாராஷ்டிரத்தில் எங்கு திரும்பினாலும் கிடைக்கிற பசால்ட் இந்த வகை. இதே குழம்பு ஆழத்திலேயே நின்று ஆறியிருந்தால் கேப்ரோ என்ற பெருமணிப் பாறையாகியிருக்கும். கிரானைட்டின் குழம்பு வெளியே வந்து ஆறினால் அதற்குப் பெயர் ரயோலைட்.

தூண்களுக்குக் காரணமும் ஆறுவதுதான். கெட்டியான குழம்பு ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது வெடிக்கிறது. குளிர் எந்தப் பக்கமிருந்து உள்ளே போகிறதோ அந்தத் திசையிலேயே வெடிப்பும் இறங்குகிறது. ஆறுமுகத் தூண்களே அதிகம், ஐந்தும் ஏழும் இடையிடையே உண்டு.

மலை உச்சியில் காவ்தேவி கோயில். படிகள் வழுக்கின. மேலே ஒரு அம்மாள் எங்கள் ஈரத் தலையைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஒரு துண்டை நீட்டினார். பிறகுதான் பிரசாதம். சுற்றிலும் கட்டடங்கள் மலையின் காலடி வரை நெருங்கி நிற்கின்றன. 1952-இலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பாறை இது. 2007-இல் மும்பை மாநகராட்சி இதைப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்தது. ஆனாலும் மூச்சுவிட இடமில்லாமல் நிற்கிறது. இதைச் சுற்றி ஒரு பத்தடி நிலத்தையாவது காலியாக வைத்திருக்கலாம் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கமாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் காட்ட வேண்டிய இடம்.

மாலையில் கேட்வே ஆஃப் இந்தியா. 1924-இல் திறந்த அந்த வளைவும் பசால்ட்தான், மஞ்சள் நிற பசால்ட். ஈரத்தில் தேன் நிறமாக இருந்தது. வடாபாவ் 20 ரூபாய். கூடவே தந்த உலர்ந்த பூண்டுப் பொடியை இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, புதன். லோணாவளா, லோஹகட்

கர்ஜத் தாண்டியதும் ரயில் மலையேறத் தொடங்குகிறது. சுரங்கப்பாதைகளுக்கு நடுவே கிடைக்கும் சில நொடிகளில் எதிர்மலை முழுக்க வெள்ளைக் கோடுகளாக அருவிகள். கொஞ்சம் கவனித்தால் ஒன்று புரிகிறது: அருவி ஒரே வீச்சில் கீழே விழவில்லை. விழுகிறது, ஒரு பச்சைத் திட்டில் நிற்கிறது, மறுபடி விழுகிறது. அந்த மலைகளே படிப்படியாக இருக்கின்றன.

இந்தப் படிகள் எப்படி வந்தன என்பதுதான் இந்தப் பயணத்தில் நான் தெரிந்துகொண்டதில் பெரிது. எரிமலை என்றதும் நமக்குக் கூம்பும் புகையும் நினைவுக்கு வரும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே நடந்தது வேறு. பூமி நீள நீளமாகப் பிளந்து, அந்தப் பிளவுகள் வழியே குழம்பு பொங்கி, சமவெளியில் விரிந்து பரவியது. பசால்ட் குழம்பில், அதைக் கெட்டியாக்கும் சிலிக்கா குறைவு. சூடு 1,100 பாகை செல்சியசுக்கும் மேல். அதனால் இளகி ஓடும். ஒரு பரவல் ஆறும், இடைவெளி விடும், அதன்மேல் அடுத்த பரவல். இப்படி அடுக்கடுக்காக ஏறியதில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் மொத்தக் கனம் 2 கிலோமீட்டருக்கும் மேல். கிழக்கே போகப் போக மெலிகிறது. அரிப்பில் போனது போக இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் மிச்சமிருக்கிறது. தமிழ்நாட்டைப் போல் மூன்று பங்குக்கும் மேல். அப்போது இந்திய நிலம், இந்தியப் பெருங்கடலில் இன்றைய ரியூனியன் தீவின் அடியில் இருக்கும் வெப்பப் புள்ளியைக் கடந்துகொண்டிருந்தது. குழம்பு அங்கிருந்து வந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

ஒவ்வொரு பரவலிலும் நடுப்பகுதி கெட்டி. மேல்பகுதியில் வாயுக் குமிழிகள் சிக்கி ஓட்டை ஓட்டையாக இருக்கும், எளிதில் உதிரும். மழை உதிர்வதை அரித்துச் சரிவாக்குகிறது. கெட்டியானது செங்குத்தாக நிற்கிறது. சரிவு, செங்குத்து, சரிவு, செங்குத்து. அதுதான் படி.

மளவ்லி நிலையத்தில் இறங்கி, பாஜா குகைகள் வழியாக லோஹகட் கோட்டைக்கு நடந்தோம். மலைப்பாதை வெட்டில் ஓரிடத்தில் மருமகன் நின்றுவிட்டான். கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு முழ அளவுக்குச் செங்கல் நிறத்தில் ஒரு கோடு. ஒரு பரவலுக்கும் அடுத்ததற்கும் இடையே மழையும் வெயிலும் பட்டு மேல்பரப்பு மண்ணாகியிருக்கிறது. பிறகு வந்த குழம்பு அதன்மேல் படிந்து அதைச் சுட்டிருக்கிறது. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. இரண்டு எரிமலைக் காலங்களுக்கு நடுவில் இங்கே மழை பெய்திருக்கிறது, புல் முளைத்திருக்கலாம் என்று நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

கோட்டையில் மழை பக்கவாட்டில் அடித்தது. குடை முதல் வாசலிலேயே மடங்கிப் போனது. 25 ரூபாய் சீட்டு. சீட்டு கொடுத்தவர் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும், "விஞ்சுகடா பக்கம் காற்று அதிகம், விளிம்புக்குப் போகாதீர்கள்" என்று இந்தியில் இரண்டு முறை சொன்னார். மேகத்துக்குள் நடந்தோம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகள் மட்டும் காலடியில் நிரம்பி வழிந்தன. ஓரிடத்தில் மேகம் விலகியது. தேளின் கொடுக்கு நீண்ட மாதிரி அந்த விஞ்சுகடா முனை முழுசாகத் தெரிந்தது. மேலே தட்டை, இரண்டு பக்கமும் பாதாளம். கோட்டைச் சுவரில் பாதியை எரிமலையே கட்டிக் கொடுத்துவிட்டது என்றால் மிகையில்லை. மராட்டியர் இத்தனை மலைக்கோட்டைகளை வைத்து ஆண்டதற்கு அவர்கள் வீரத்தோடு இந்தப் படிகளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

போன மாதம்தான் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லோஹகட் அதில் ஒன்று. நம் செஞ்சியும் ஒன்று. பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை. அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்: உருண்டு திரண்ட கிரானைட் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், தட்டையான படி ஒன்றும் கிடையாது. ஒரே ராஜ்யம், இரண்டு வகைப் பாறை, இரண்டு விதக் கோட்டை.

இறங்கி வந்ததும் ஒரு தகரக் கொட்டகையில் பிட்லா என்ற கடலை மாவுக் குழம்பு, பாக்ரி என்ற சோள ரொட்டி, தேச்சா என்ற மிளகாய்த் துவையல், பச்சை வெங்காயம். ஒரு ஆளுக்கு 150 ரூபாய். பாக்ரியை விறகடுப்பிலிருந்து நேரே தட்டில் போட்டார்கள். தேச்சாவை அரைத்த அம்மியும் குழவியும் அதே கருங்கல். அந்த அம்மாள் எங்கள் சட்டையை அடுப்புப் பக்கம் காயப்போடச் சொன்னார். இரண்டாவது முறை பரிமாறிய பிட்லாவுக்குக் காசு வாங்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன். புணேயிலிருந்து சத்ரபதி சம்பாஜிநகர் (பழைய ஔரங்காபாத்) போகும் சாலை

காலையில் புணேயில் மிசல் பாவ், 90 ரூபாய். காரம் உச்சந்தலையில் ஏறியது. பேருந்து வாகோலி வழியாகப் போனபோது மருமகன் ஜன்னலில் ஒட்டிக்கொண்டான். இந்த ஊர்க் கல்குவாரிகளில் கிடைத்த கேவன்சைட் என்ற அடர்நீலக் கனிமம் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. லாரிகள், தூசு, ஜல்லி இயந்திரம் மட்டுமே எங்கள் கண்ணில் பட்டன.

அகில்யாநகர் (பழைய அகமதுநகர்) தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. எங்கிருந்தோ டயர் வரவேண்டும், நேரமாகும் என்றார்கள். மேற்கே கொட்டிய மழை இங்கே இல்லை. மலைத்தொடர் மழையை அங்கேயே பிடித்துக்கொள்கிறது. இங்கே மெல்லிய தூறல், நடுநடுவே வெயில்.

சாலையோர வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எங்களைப் பார்த்துக் கையசைத்து, வேப்பமரத்தடியைக் காட்டி உட்காரச் சொன்னார். வரப்பில் இறங்கியதும் கரிசல் என் செருப்பைப் பிடித்துக்கொண்டது. காலைத் தூக்கினேன், வார் அறுந்தது. அதை வாங்கிப் பார்த்த அந்த அக்கா, சாக்குத் தைக்கும் ஊசியையும் நூலையும் வரவழைத்து, பேசிக்கொண்டே தைத்துக் கொடுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த இந்தியும் எனக்குத் தெரிந்த இந்தியும் சேர்ந்து ஒரு பேச்சுக்குப் போதுமானதாக இருந்தது. ஸ்டீல் டம்ளரில் இஞ்சி தட்டிய தேநீர் வந்தது. காசை எடுத்தபோது அவர் முகம் மாறியதைப் பார்த்து உள்ளே வைத்துவிட்டேன்.

இந்தக் கரிசலும் பசால்ட் மக்கி வந்ததுதான். ஈரத்தில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும். பருத்திக்கு ஏற்ற மண். அவர் வயலில் ஒரு பக்கம் பருத்தி, ஒரு பக்கம் கம்பு. கிணற்றைக் காட்டச் சொல்லிக் கேட்டான் மருமகன். அந்தக் கிணறு ஒரு பாடப் புத்தகம். மேலே கரிசல். அதற்குக் கீழே பழுப்பாக, உதிர் உதிராக, இவர்கள் முரூம் என்று சொல்லும் பாதி மக்கிய பாறை. அதற்கும் கீழே காளா பத்தர், கெட்டிக் கரும்பாறை. "கறுப்பை உடைக்கும்போது தண்ணீரே இல்லை, அதன் அடியில் மறுபடி முரூம் வந்தபோதுதான் ஊறியது" என்றார். பரவலின் கெட்டியான நடுவில் தண்ணீர் தங்க இடம் இல்லை. ஓட்டையும் வெடிப்பும் உள்ள ஓரத்தில்தான் தங்கும். நேற்று மலையில் பார்த்த அதே அடுக்கு, இன்று ஒரு குடும்பத்தின் குடிநீரைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மழைக் கணக்கோடு இந்தப் பாறைக் கணக்கையும் பேச வேண்டும்.

டயர் வரும்வரை மரத்தடியில் மருமகனைப் பேசவிட்டுக் குறித்துக்கொண்டேன். பூமியில் மிக அதிகமாகப் பரவியிருக்கும் எரிமலைப் பாறை கடலுக்கு அடியில்தான் இருக்கிறது. கடல்தரை முழுவதும் வண்டலுக்குக் கீழே பசால்ட். கடல் நடுவிலுள்ள மலைத்தொடர்களில் அது இன்றும் பிறந்துகொண்டிருக்கிறது. அந்தத் தொடர் கடல்மட்டத்துக்கு மேலே தலைகாட்டும் இடம் ஐஸ்லாந்து. அங்கே 1783-இல் லாகி என்ற இடத்தில் நிலம் பிளந்து எட்டு மாதம் குழம்பு வழிந்தது. நச்சு வாயுவில் கால்நடைகள் செத்து, பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் மடிந்தார்கள். தக்காணத்தில் வழிந்தது அதைவிடப் பலமடங்கு. டைனோசர்கள் அழிந்ததில் மெக்சிகோவில் விழுந்த விண்கல்லுக்கு எவ்வளவு பங்கு, இந்த எரிமலைகளின் வாயுவுக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

சைபீரியாவிலும், பிரேசிலின் பரானாவிலும், அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் படுகையிலும், நம் ஜார்க்கண்டின் ராஜ்மகால் குன்றுகளிலும் இதே மாதிரி பசால்ட் பரவல்கள் உண்டு. சிலிக்கா அதிகமான குழம்பு ஓடாது. கெட்டித்து அடைத்து வெடிக்கும். ஆண்டிஸ், ஜப்பான், இந்தோனேசியா பக்கம் கிடைக்கும் ஆண்டசைட் என்ற பாறை அப்படி. சட்டென்று ஆறிக் கண்ணாடியாகவே உறைந்தால் அப்சிடியன். நுரையோடு உறைந்தால் தண்ணீரில் மிதக்கும் பியூமிஸ். 1883-இல் கிரகட்டோவா வெடித்தபோது அந்தக் கல் இந்தியப் பெருங்கடல் முழுக்க மிதந்து ஆப்பிரிக்கக் கரை வரை போனது. இன்றும் புகையும் எரிமலை நமக்கும் ஒன்று இருக்கிறது, அந்தமானில் பாரன் தீவு.

"ராஜமுந்திரியிலயும் இருக்கு அத்தை" என்றான். கோதாவரிக் கரையில், மேற்கு மலையிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தள்ளி, இதே பசால்ட் கிடைக்கிறது. பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே குழம்பு அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று கருதுகிறார்கள். மேலே ஓடு கட்டிவிட்டால் உள்ளே சூடு இறங்காது. ஓட்டுக்கு அடியில் குழம்பு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஊர் போய்ச் சேர இரவாகிவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி. எல்லோரா

கைலாசநாதர் கோயிலைப் படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும், குன்றின் மேல் விளிம்பில் நின்று கீழே பார்க்கும் வரை அது என்னவென்று புரியாது. சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குப் பாறையை மேலிருந்து கீழே குடைந்து, நடுவில் கோயிலை மட்டும் விட்டிருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டு, ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலம். வெட்டி வெளியே தள்ளிய கல் 2 லட்சம் டன் இருக்கும் என்று ஒரு மதிப்பீடு.

காஞ்சிக் கைலாசநாதரைப் பார்த்து பட்டதக்கல் விருபாட்சர், அதைப் பார்த்து இது என்று கலை வரலாற்றாசிரியர்கள் ஒரு வழி சொல்வார்கள். விமானத்தின் அமைப்பைப் பார்த்ததும் எனக்கு அதில் சந்தேகம் எழவில்லை, நம் ஊர்க் கோயிலுக்குள் நுழைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் கல் நம் கல் இல்லை. மாமல்லபுரத்துச் சிற்பியின் உளி, ஆழத்தில் விளைந்த பெருமணிக் கல்லோடு போராடியது. இங்கே உளிக்குக் கிடைத்தது மணி தெரியாத எரிமலைக் கல். எந்தத் திசையில் வெட்டினாலும் ஒரே மாதிரி இடம் கொடுக்கும். பரவல் கனமாக இருந்ததால்தான் இவ்வளவு ஆழத்துக்கு இறங்க முடிந்தது. இடத்தைத் தேர்ந்தவர்களுக்குப் பாறை அடுக்கு தெரிந்திருக்கிறது என்றே நம்புகிறேன்.

தூண்களில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். பூச்சி அரித்தது என்று ஒரு குடும்பம் பேசிக்கொண்டு போனது. அவை பழைய வாயுக் குமிழிகள். குழம்பு உறைந்தபோது சிக்கிய காற்று போய், பின்னால் ஊறிய சுடுநீர் விட்டுச் சென்ற கனிமங்கள் அந்த ஓட்டைகளை நிரப்பியிருக்கின்றன. யானைச் சிலையின் வயிற்றில் ஒன்று விரல்நுனி அளவுக்கு இருந்தது. கோயிலைச் செதுக்குவதற்கு ஆறு கோடி ஆண்டுக்கு முன்பே அது அங்கே இருந்தது.

பக்கச் சுவர்களில் பரவல்களின் எல்லைக்கோடு வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தொல்லியல் துறை ஊழியர்கள் துணியும் வாளியுமாக நின்றார்கள். முந்நூறு பேராவது சிலைகளின் மேல் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில், ஒரு வயதான காவலர் மட்டும் ஒவ்வொருவரிடமும் கைகூப்பி, "தொடாதீங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குரல் ஒருமுறைகூட உயரவில்லை.

இங்கே ஷ்ராவண மாதம் நடக்கிறது. பக்கத்திலேயே க்ருஷ்ணேஷ்வர் ஜோதிர்லிங்கம், வரிசை சாலை வரை நின்றது. விரதக்காரர்களுக்காக வழியெல்லாம் ஜவ்வரிசிக் கிச்சடி, ஒரு தட்டு 50 ரூபாய். வறுத்த வேர்க்கடலையும் பச்சை மிளகாயும் போட்டது. அதையே மதியச் சாப்பாடாக்கிக்கொண்டோம்.

ஆகஸ்ட் 9, சனி. அஜந்தா

ரக்ஷாபந்தன். அண்ணன் தம்பி வீடுகளுக்குப் போகும் பெண்களால் பேருந்துகள் பிதுங்கின. 100 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் நின்றுகொண்டே போனோம். நடத்துநரின் மணிக்கட்டில் ராக்கிகள் முழங்கை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.

வாகோரா ஆறு குதிரைலாடமாக வளைந்து பசால்ட்டை அறுத்த பள்ளத்தாக்கு. ஆறு வெட்டிய செங்குத்துச் சுவரில் வரிசையாகக் குகைகள். உளி பட்ட கரடுமுரடான சுவரில் மண்ணும் நார்களும் குழைத்துப் பூசி, அதன்மேல் சுண்ணம் தீட்டி வரைந்திருக்கிறார்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில் பின்னால் இருக்கும் கறுப்பு தெரிகிறது. ஓவியங்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கழுத்து வலித்தது, கண் நிறைந்தது.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் கல் வியாபாரம். பிளந்த உருண்டைகளுக்குள் படிகங்கள் மின்னின. குமிழி பெரிதாக இருந்த இடங்களில் வளர்ந்த குவார்ட்ஸ், மீன் செதிள் நிறத்தில் அபோபிலைட், வெளிர் ஆரஞ்சில் ஸ்டில்பைட். இந்த மாநிலத்துக் குவாரிகளில் கிடைக்கும் இவ்வகைக் கனிமங்களை உலகத்து அருங்காட்சியகங்கள் வாங்கி வைத்திருக்கின்றன. கண்ணைப் பறிக்கும் ரோஸ், ஊதா நிறத்தில் இருப்பவை பல சாயம் போட்டவை. ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். 1,200 ரூபாயில் தொடங்கிய ஒரு ஸ்டில்பைட் 350-க்கு முடிந்தது. கடைக்காரரின் சின்ன மகள் மருமகன் கையைப் பிடித்து ஒரு ராக்கியைக் கட்டிவிட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்த 100 ரூபாயைக் கொடுத்தான். அவள் அப்பா அதைத் திருப்பித் தந்து, சாக்லேட் வாங்கித் தந்தால் போதும் என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. லோணார்

விடிவதற்கு முன் கிளம்பி, பேருந்து மாறி வந்து சேர்ந்தோம். ஊருக்கு வெளியே நிலம் லேசாக மேடேறுகிறது. மேட்டின் விளிம்பில் நின்றால் 1.8 கிலோமீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஒரு பள்ளம், அடியில் பச்சை ஏரி.

சுற்றிலும் எரிமலைப் பாறையாக இருப்பதால் இதுவும் எரிமலை வாய் என்றே ரொம்ப நாள் நினைத்தார்கள். 1970-களில் துளையிட்டு எடுத்த பாறையில், பெரும் அதிர்ச்சியில் மட்டுமே உண்டாகும் மாஸ்கெலினைட் என்ற கண்ணாடி கிடைத்தது. வானிலிருந்து வந்த கல் இடித்த பள்ளம் இது. வயது 50,000 ஆண்டு என்று முன்பு சொன்னார்கள்; பாறையிலுள்ள ஆர்கான் வாயுவை அளந்து கணக்கிட்டு 2011-இல் வெளியான ஆய்வு ஏறக்குறைய 5,70,000 ஆண்டு என்கிறது. பசால்ட்டில் விழுந்த விண்கல் பள்ளம் பூமியில் மிக அரிது. நிலாவின் கரும்பகுதிகளும் பசால்ட் என்பதால், அங்குள்ள பள்ளங்களைப் புரிந்துகொள்ள ஆய்வாளர்கள் இங்கே வருகிறார்கள்.

விளிம்பிலிருந்து ஏரிக்கு இறங்கும் பாதை செமையாக வழுக்கியது. மயில்கள் அகவின. பாதி வழியில் பரவல் அடுக்குகள் வெளியே பார்த்துச் சாய்ந்து, தூக்கி எறியப்பட்ட கோலத்திலேயே நின்றன. நான்கு நாளாகப் படுக்கையாகவே பார்த்த அடுக்கு இங்கே மல்லாந்து கிடந்ததும் மருமகன் சத்தம் போட்டுச் சிரித்தான். தண்ணீருக்குப் பக்கத்தில் அழுகிய முட்டை வாடை. சவர்க்காரத் தண்ணீர் மாதிரி வழவழப்பு. உப்பும் காரமும் மிகுந்த ஏரி. 2020 ஜூனில் உப்பு விரும்பும் நுண்ணுயிர்களால் இது இளஞ்சிவப்பாக மாறியது செய்தியானது. அந்த ஆண்டே உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அப்படிப்பட்ட இடத்தின் கரையில் சிப்ஸ் பாக்கெட்டுகள். எங்களால் முடிந்ததைப் பொறுக்கி ஒரு பையில் அடைத்தோம். அதைப் பார்த்து இரண்டு கல்லூரிப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பை நிரம்பிவிட்டது.

மேலே ஏறியதும் ஒரு பெரியவரின் வண்டிக்கடை. சுட்ட மக்காச்சோளம் 30 ரூபாய். கடலை மாவு ஜுன்கா, பாக்ரி 70 ரூபாய். வானத்திலிருந்து கல் விழுந்ததைத் தன் தாத்தாவே பார்த்த மாதிரி அவர் சொன்னார். லவணாசுரனை விஷ்ணு கொன்ற கதையையும் அதே மூச்சில் சொன்னார்.

நிலாவின் கறுப்புப் பகுதிக்கு லோணார் என்றால், வெள்ளைப் பகுதிக்கு நம் நாமக்கல் மாவட்டம். அந்த வெள்ளைப் பகுதி அனார்த்தோசைட் என்ற பாறையால் ஆனது. ஆழத்தில் மெல்ல ஆறிய பெருமணிப் பாறை. சந்திரயான் தரையிறங்கும் சோதனைகளுக்கு நிலா மண்ணைப் போலச் செய்ய இஸ்ரோ எடுத்துக்கொண்டது சித்தம்பூண்டிப் பக்கத்து அனார்த்தோசைட்டைத்தான். "ஊருல இருந்து ஒரு ராத்திரி பஸ்ஸுதான் அத்தை, நவம்பர்ல செமஸ்டர் முடிஞ்சதும் போயிருவோமா?" என்று கேட்டான். மழை விடட்டும், டிசம்பரில் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், பாறை வெளியே நன்றாகத் தெரியும் இடம் எது, காலையில் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று எழுதுங்கள்.